நிறுத்துப் பார்த்துப் பொதி ஏற்றுங்கள்

அரக்கோணம், திருத்தணி வட்டார மலையேற்றக் குழு நண்பர்களுக்கு,

இந்த மடல் உங்கள் பையின் கனத்தைப் பற்றியது. நகரி மலைக்கோ நாகலாபுரத்து அருவிகளுக்கோ போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பை உங்கள் தோளிலேயே கிடக்கிறது. அதன் கனத்தை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தோளே சொல்லிவிடும். திருத்தணியில் 365 படி ஏறும் காவடிக்காரருக்கும் அப்படித்தான். ஆனால் உத்தரகாண்டுக்கோ இமாசலத்துக்கோ குழுவாகப் போகும்போது கணக்கு மாறிவிடுகிறது. அடிவாரத்தில் ஒரு கட்டணத்தைக் கட்டிப் பையைக் கோவேறு கழுதைக்காரரிடம் ஒப்படைக்கிறோம், மாலையில் முகாமில் வாங்கிக்கொள்கிறோம். நடுவில் அந்தப் பாரம் எந்த முதுகில் ஏறியது, அதோடு இன்னும் யார் யாருடைய பாரம் ஏறியது என்று நமக்குத் தெரிவதில்லை. கூடாரம், அடுப்பு, அரிசி மூட்டை, எரிவாயு உருளை எல்லாம் அந்த முதுகில்தான் வருகின்றன. என் வாதம் ஒன்றே ஒன்றுதான்: விலங்கின் முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை அந்த விலங்கின் எடையே முடிவு செய்ய வேண்டும், அதை நிறுத்துப் பார்க்கும் பொறுப்பு பையைக் கட்டுகிறவருடையது. ஏன் என்பதைக் கொஞ்சம் சுற்றி வந்து சொல்கிறேன்.

அமெரிக்காவின் ராக்கி மலைகளில், வண்டி போகாத காட்டுக்குள் பல நாள் தங்கி எல்க் மான் வேட்டையாடுகிறவர்களில் ஒரு சாரார் குதிரையை விட்டுவிட்டு லாமாவைப் பொதிவிலங்காகக் கூட்டிப் போகிறார்கள். லாமா என்றதும் திபெத்தை நினைக்க வேண்டாம். இது தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பழக்கப்பட்ட, ஒட்டகக் குடும்பத்து விலங்கு. குதிரையும் சக்கர வண்டியும் அறியாத இன்கா பேரரசில் சரக்கு இதன் முதுகில்தான் ஊர் ஊராகப் போனது. குளம்புக்குப் பதிலாக மெத்தென்ற பாதம் என்பதால் பாதை கிளறிப்போகாது, லாடமும் அடிக்க வேண்டாம். வழியில் கிடைக்கும் புல்லையும் தழையையும் மேய்ந்துகொள்ளும். குதிரையோடு பழகியறியாதவரும் கயிற்றைப் பிடித்து நடத்திவிடலாம். இத்தனை வசதிகளுக்கும் மேலே அதனிடம் இன்னொரு குணம் உண்டு. பாரம் மிகுந்துவிட்டால் லாமா உட்கார்ந்துவிடும். இழுத்தாலும் தள்ளினாலும் எழாது. கோபம் வந்தால் காறித் துப்பவும் செய்யும். பொதியைக் குறைத்தால்தான் எழுந்து நடக்கும். தன் முதுகின் எல்லையைத் தானே அறிவித்துவிடும் பொதிவிலங்கு அது.

அதனால்தான் லாமாவோடு வேட்டைக்குப் போகிறவர்கள் கணக்குப் போடக் கற்றுக்கொண்டார்கள். வளர்ந்த லாமா 130 முதல் 180 கிலோ வரை இருக்கும். அந்த எடையில் ஏறத்தாழக் கால் பங்கு என்று வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு 30 முதல் 40 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரிய ஆண் எல்க் ஒன்றை வீழ்த்தினால் எலும்பு நீக்கிய இறைச்சியே 100 கிலோ அளவுக்கு வரக்கூடும். ஆகவே திரும்பி வரும் பாரத்தை நினைத்து, புறப்படும்போதே மூன்று நான்கு லாமாக்களைச் சேர்க்கிறார்கள். நமக்கு வேட்டை வேண்டாம், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதையை முடித்துவைத்துவிட்டது. ஆனால் அவர்கள் கணக்கு தொடங்கும் இடம் நமக்கு வேண்டும். அது சரக்கின் எடையிலிருந்து தொடங்கவில்லை, சுமக்கும் உடலின் எடையிலிருந்து தொடங்குகிறது. விலங்கு ஒத்துழைக்க மறுப்பதால் அவர்களுக்கு வேறு வழியுமில்லை.

அப்படியானால் லாமாவையே இங்கே கொண்டுவந்துவிடலாமே என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறைக்கு ஒத்துவராது. அடர்ந்த கம்பளி போர்த்திய அந்த விலங்கு ஆண்டிஸின் குளிர்ந்த மேட்டு நிலத்துக்காக அமைந்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அடிக்கும் இடத்தில் அதற்கு மூச்சு முட்டும். அரக்கோணத்துச் சித்திரை வெயிலில் அதைக் கட்டிவைப்பதே வதையாகிவிடும். குளிர்ந்த மேற்கு மலைத்தொடரில் விடலாமே என்றால், அங்கே வேறு சிக்கல். வளர்ப்பு விலங்கோடு வரும் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றிவிடுமோ என்ற அச்சத்தால் வட அமெரிக்காவிலேயே காட்டுச் செம்மறிகள் வாழும் சில பகுதிகளில் லாமாவுக்குக் கட்டுப்பாடு உண்டு. நம் மாநில விலங்கான வரையாடு 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 மட்டுமே. அதன் புல்வெளியில் புதிய வெளிநாட்டு விலங்கு ஒன்றை மேயவிட்டுச் சோதனை செய்யும் நிலையில் நாம் இல்லை. லாமாவின் தாயகமான பெரு நாட்டையே பாருங்கள். இன்கா பாதையில் மலையேறுகிறவர்களின் சுமையை இன்று மனிதர்களே தூக்குகிறார்கள். 2001-இல் அந்நாடு இயற்றிய சட்டம் அந்தச் சுமைக்கு 20 கிலோ என்று வரம்பு வைத்தது. பாதையின் வாயிலில் சுமையை நிறுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆக, நாம் அங்கிருந்து கொண்டுவர வேண்டியது லாமாவை அல்ல, அந்தத் தராசை.

ஏனென்றால் நம்மிடம் இருக்கும் பொதிவிலங்குகள் உட்காருவதில்லை. கழுதையும் கோவேறு கழுதையும் மட்டக்குதிரையும் இரைவிலங்கு மரபில் வந்தவை. காட்டில் வலியைக் காட்டிக்கொண்ட விலங்கு முதலில் வேட்டையாடப்பட்டது. அதனால் நோவை மறைப்பதே அவற்றுக்குப் பிழைப்பாகிப் போனது, கழுதையிடம் இந்தக் குணம் இன்னும் அழுத்தமாக உண்டு. பாரம் கூடினால் நடை தளரும், காது தொங்கும், முதுகு ரோமம் உதிர்ந்து தோல் கன்றும். பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டுமே அது படும். இது நமக்குப் புதிய செய்தியுமில்லை. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்து சுங்கப் பெருவழியில் கூட்டமாகப் போகும் கழுதைகளைக் காட்டுகிறது. காஞ்சியை நோக்கிப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் நூல் அது. நாம் வாழும் இந்தத் தொண்டை நாட்டு வழிகளின் நினைவு அதில் இருக்கிறது. கழுதையை வருணிக்க வந்த புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மறக்காமல் குறித்த ஒன்று, அதன் முதுகில் நிலைத்துவிட்ட வடு. கழுதை தானாகச் சொல்லாததைப் புலவர் கண் பார்த்துவிட்டது. இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் மலைப்பாதைகளில் அந்த வடு மாறவில்லை என்றால், குற்றம் விலங்கின் மௌனத்தில் இல்லை.

வாயில்லா உயிருக்காக வாய் திறக்க வேண்டிய இடத்தில் சட்டம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து வாதாடியதன் தொடர்ச்சியாகவே 1960-இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே தலைமை ஏற்றார். இழுவை விலங்குகளுக்கும் பொதிவிலங்குகளுக்கும் 1965-இல் வந்த தனி விதிகள் ஏற்றக்கூடிய பாரத்தை எண்ணிலேயே சொல்கின்றன: கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70, கோவேறு கழுதைக்கு 200, ஒட்டகத்துக்கு 250. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஓய்வு தர வேண்டும், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை சுமக்க வைக்கக் கூடாது. அறுபது ஆண்டுக்கு முன் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது பெருமைக்குரியது. ஆனாலும் இந்த எண்களை வேதவாக்காகக் கொள்ள முடியாது. நம் ஊர்க் கழுதை பெரும்பாலும் 100 கிலோவைச் சற்றுத் தாண்டிய சிறிய உடம்பு. 120 கிலோ என்றே வைத்தாலும் 50 கிலோ என்பது அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். 300 கிலோ கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்றால் மூன்றில் இரண்டு பங்கு. குதிரை இனத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் பாதுகாப்பான அளவோ, உடல் எடையில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரைதான். விதி சொல்வது தண்டனை தொடங்கும் எல்லையை. நல்ல மனிதன் நின்றுகொள்ள வேண்டிய எல்லை அதற்கு வெகு முன்னாலேயே இருக்கிறது.

இதை ஒரு குழுவின் கணக்கில் வைத்துப் பாருங்கள். பத்துப் பேர், ஆளுக்கு 12 கிலோ பை, ஆக 120 கிலோ. கூடாரமும் சமையல் சாமானும் 80 கிலோ. மொத்தம் 200. விதியின் எழுத்துப்படி ஒரே ஒரு கோவேறு கழுதை இதைச் சுமந்துவிடலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. கால் பங்குக் கணக்கில் 300 கிலோ விலங்கு ஒன்றுக்கு 75 கிலோ, ஆகவே மூன்று விலங்குகள் வேண்டும். 120 கிலோ கழுதைகளானால் ஒன்றுக்கு 30 கிலோ வீதம் ஏழு வேண்டும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த வித்தியாசம்தான் முதுகுப் புண்ணாகவும் வீங்கிய முழங்காலாகவும் மாறுகிறது. இதே கணக்கில் நமக்கு ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொருவரும் பையை 12-லிருந்து 7 கிலோவாக இறக்கினால் மொத்தம் 150 ஆகிவிடும், இரண்டு விலங்குகள் போதும். இரண்டாவது ஜீன்ஸ், மூன்றாவது செருப்பு, கண்ணாடிப் புட்டியில் ஊறுகாய், ஆளுக்கொரு மின்கலப் பெட்டி என்று நாம் கட்டிக்கொண்டு போகும் பாதிச் சாமான் வந்த வழியே கட்டுப் பிரிக்காமல் திரும்பி வருகிறது. விலங்குக்கு இரக்கம் காட்டுவதும் நம் பணத்தை மிச்சம் பிடிப்பதும் இந்த ஓரிடத்தில் ஒன்றாகவே நடக்கின்றன.

எடை மட்டும் சரியாக இருந்தாலும் போதாது, கட்டும் விதமும் உண்டு. இதற்கு வெளியூர்ப் பாடம் தேவையில்லை, திருத்தணிக்காரர்களுக்குக் காவடியின் இலக்கணம் தெரியும். இரண்டு பக்கமும் சம எடை, நடுவில் தண்டு, தோளில் மெத்தை. அகத்தியருக்காக இரண்டு குன்றுகளைத் தூக்கி வந்த இடும்பன் கதையிலும் பாரம் பக்கத்துக்கு ஒன்றாகத்தான் பிரிந்து தொங்குகிறது. பொதிவிலங்கின் சேணமும் அதே தத்துவம்தான். ஒரு பக்கம் 20 கிலோவும் மறுபக்கம் 30 கிலோவும் ஆனால், மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் சேணம் ஒருபுறம் சரிந்து முதுகெலும்பின் மேல் உரசும். பகல் முழுக்க உரசினால் தோல் உரியும், மறுநாள் அதே புண் மேல் அதே கயிறு ஏறும். தலைச்சுமைக்காரர் சும்மாடு இல்லாமல் கூடையைத் தூக்குவாரா? கழுதைக்கும் முதுகெலும்பைத் தொடாதபடி இருபுறமும் தடித்த மெத்தை வேண்டும். மழையில் நனைந்த சாக்கு காய்ந்த சாக்கைவிடக் கனம், சேணத்துக்கும் தனி எடை உண்டு. இவையெல்லாம் மொத்தக் கணக்கில் சேர வேண்டியவை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, பாரத்தைக் குறைத்தால் விலங்குக்காரரின் வயிற்றில் அடிப்பதாகும் என்பது. இது நியாயமான கவலை, தட்டிக்கழிக்கக் கூடாது. மலையடிவாரத்தில் கழுதையோடு நிற்பவர் நம்மைவிட ஏழை. சீசன் சில மாதங்கள்தான், தீவனம் ஆண்டு முழுக்க வேண்டும். அதிகப் பாரம் ஏற்றுகிறவர் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. ஏற்றினால்தான் கட்டுப்படியாகும் என்ற விலையை நாம் வைத்திருக்கிறோம் என்பதே உண்மை. கிலோவுக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அதிகம் ஏற்றுவதும் ஓய்வில்லாமல் ஓட்டுவதும்தான் லாபம். அதையே விலங்குக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், பாரம் கூடியதால் அவருக்கு ஒரு காசு அதிகம் வராது. புண்ணில்லாத முதுகு மறுநாளும் வேலைக்கு வரும் என்பதால் அவர் ஆதாயமும் விலங்கின் ஆரோக்கியமும் ஒரே பக்கம் சாயும். முந்தைய கணக்கில், பையைக் குறைத்த பிறகு, ஒரு விலங்குக்குப் பதில் இரண்டுக்குக் கூலி கொடுக்க நேர்கிறது. பத்துப் பேருக்குள் பங்கிட்டால் அது பெரிய தொகையாக இராது. ரயிலுக்கும் காலணிக்கும் குளிர்ச்சட்டைக்கும் செலவிடுகிறவர்கள் இந்த ஒரு இடத்தில் பேரம் பேசுவது அழகில்லை.

இரண்டாவது, சட்டமும் அதிகாரிகளும் இருக்கும்போது பயணிக்கு என்ன வேலை என்பது. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு ஏறும் 16 கிலோமீட்டர் பாதையில் கால்நடை மருத்துவர்களும் சோதனைகளும் உண்டு. ஆனாலும் 2025 மே மாதத் தொடக்கத்தில் இரண்டே நாளில் 14 குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இறந்ததால், அங்கே விலங்குப் போக்குவரத்தையே 24 மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டி வந்தது. குதிரை இனத்தைத் தாக்கும் காய்ச்சல் அப்போது பரவியிருந்தது. நோய்க்குக் காரணம் பாரம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். நெரிசலிலும் களைப்பிலும் நிற்கும் விலங்கை நோய் எளிதில் சாய்க்கும் என்பதைத்தான் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான விலங்குகள் ஏறி இறங்கும் பாதையில் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்து நிறுக்க எந்த அதிகாரியாலும் முடியாது. ஒரு பையில் எவ்வளவு இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் அதைக் கட்டியவர். அந்தத் தகவல் அவரிடமிருந்து தொடங்காவிட்டால் வழியில் வேறு எங்கும் பிறக்காது.

மூன்றாவது வாதம் இன்னும் கடுமையானது: விலங்கை ஏன் சுமக்க வைக்க வேண்டும், தன் பாரத்தைத் தானே தூக்க முடியாதவன் மலைக்கே போக வேண்டாம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். உடம்பு ஒத்துழைக்கும் இளைஞர்கள் தங்கள் சொந்தப் பையைத் தாங்களே சுமப்பதுதான் முறை. மற்றப் பாதியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பல நாள் பயணத்தின் பொதுச் சாமானை விலங்கு சுமக்காவிட்டால் ஒரு மனிதர் சுமப்பார், அவருடைய முதுகையும் நாம் நிறுத்துப் பார்ப்பதில்லை. தவிர, பொதிவிலங்கு என்பது பொழுதுபோக்குக்காரர்களின் வசதி மட்டும் அல்ல. கொடைக்கானல் சரிவில் உள்ள வெள்ளகவிக்குப் பல தலைமுறையாக மளிகை போய்ச் சேர்ந்தது குதிரை முதுகில். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் அருகே உள்ள கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் ஏறியது கழுதை முதுகில். ஒரு குடிமகனின் ஓட்டைச் சுமந்த முதுகுக்கு மரியாதை உண்டு. வேலை இல்லாமல் செய்துவிட்டால் கழுதை விடுதலை பெறும் என்று நினைப்பதும் தவறு. 2012-இல் நாட்டில் சுமார் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள் 2019 கணக்கெடுப்பில் 1.2 லட்சமாகக் குறைந்தன. தேவையற்றுப்போன விலங்கை யாரும் மடியில் வைத்து வளர்க்கவில்லை. அது சந்தைக்குப் போனது, தெருவுக்கு வந்தது, தோலுக்கும் இறைச்சிக்கும் போனது. அளவான பாரம், நியாயமான கூலி, போதிய ஓய்வு என்ற ஏற்பாட்டில்தான் அதற்கு ஒரு வாழ்வு இருக்கிறது.

கடைசி வாதம், இன்னும் சில ஆண்டில் சாலையும் டிரோனும் வந்து இந்தப் பேச்சையே முடித்துவிடும் என்பது. அப்படி நடந்தால் முதலில் மகிழ்வது நான்தான். அரக்கோணத்துக்காரர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் நம் ஊர் வழியாகத்தான் போனது. அதற்கு முன் உப்பையும் தானியத்தையும் மலைக்கணவாய் தாண்டிக் கொண்டுபோனவை லம்பாடிகளின் பொதிமாடுகள். மூன்றாம் மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸின் படைக்கே அவைதான் தானியம் சுமந்தன. இருப்புப்பாதை வந்தபோது சமவெளியில் அந்த முதுகுகள் ஆறின. ஆனால் 169 ஆண்டுக்குப் பிறகும், 2025-இல் கேதார்நாத் பாதையில் விலங்குகள் பாரத்தோடு ஏறிக்கொண்டுதான் இருந்தன. ரயில் சமவெளியோடு நின்றுவிட்டது, செங்குத்துப் பாதை மிச்சமாகிவிட்டது. நாளை வரப்போகும் கருவியைக் காட்டி இன்று ஏறும் பாரத்தை நியாயப்படுத்த முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. குழுவுக்கு ஒரு தொங்கு தராசு வாங்குங்கள், மீன் கடையில் தொங்குகிற ரகமே போதும். புறப்படும் முன்தினம் ஒவ்வொரு பையையும் அதில் மாட்டி, எடையைத் தாளில் எழுதிப் பையிலேயே கட்டுங்கள். விலங்கு எடுக்கும்போது எத்தனை விலங்கு, எவ்வளவு எடை என்று பேசி, நாள் கூலியாகக் கொடுங்கள். ஏற்றும் இடத்துக்கு நேரில் போய், சேணத்தின் அடியில் கை விட்டுப் பாருங்கள். புண் தென்பட்டால் அந்த விலங்குக்கு அன்றைய கூலியைக் கொடுத்து ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள், வேறு விலங்கை எடுங்கள். பகல் வெயிலில் ஓட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். நம் மொழியில் நிறுத்து என்று சொன்னால் எடை போட்டு என்றும் பொருள், நிற்கச் செய் என்றும் பொருள். லாமா இரண்டாவதைத் தானே செய்துகொள்கிறது. உட்காரத் தெரியாத நம் கழுதைகளுக்கு முதலாவதை நாம் செய்தாக வேண்டும்.

அன்புடன்,
அரக்கோணத்திலிருந்து உங்கள் ஊர்க்காரர் ஒருவர்